இரண்டு கையும் வேலையில்

லிஃப்ட் ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. உள்ளே மூன்று பேர்: ஸ்ட்ரெச்சரில் மூச்சுக்குத் திணறும் என் மகள், ஒரு நர்ஸ், நான். மகளின் நுரையீரலில் சீழ் கட்டியிருந்தது. மேலே ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் காத்திருந்தார். அவளுக்குப் போன ஆக்சிஜன் சின்ன சிலிண்டரில் இருந்து; அதன் முள் சிவப்பை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்ட் மெக்கானிக் என் வீட்டுக்காரர்தான். லிஃப்டில் இடமில்லாமல் படியேறி வந்துகொண்டிருந்தவர், நேரே மெஷின் ரூமுக்கு ஓடியிருக்கிறார். இண்டர்காமில் அவர் குரல் மூச்சு வாங்கியது.

"நான்தான். கண்ட்ரோல் போர்டு எரிஞ்சுபோச்சு. கையால சுத்தி மேல ஏத்துறேன். யாரும் கதவைத் தொடாதீங்க."

அவ்வளவுதான். அதன் பிறகு சத்தமே இல்லை.

"ஏங்க! கேக்குதா? பாப்பாவுக்கு முடியல!" பட்டனை அழுத்தி அழுத்திக் கத்தினேன். பதில் இல்லை.

பதில் வராத இடத்தில் கத்துவது எனக்குப் புதிதல்ல. மூன்று வருடத்துக்கு முன் மூத்தவன் காய்ச்சலில் கிடந்தபோது சபையே உபவாசம் இருந்தது. பையன் போய்விட்டான். ஏன் ஆண்டவரே என்று பாத்திரம் கழுவும்போதுகூடக் கேட்டிருக்கிறேன். பாஸ்டர் பாவம், கூட உட்கார்ந்து அழுதார். என் நாத்தனார்தான், விசுவாசம் போதவில்லை என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் போடும் டீயில் சர்க்கரை இருப்பதில்லை.

"அக்கா, கதவிடுக்குல மேல் மாடித் தரை தெரியுது. கதவைத் தள்ளினா பாப்பாவைத் தூக்கி வெளிய குடுத்துடலாம்," என்றாள் நர்ஸ். வெளியே யாரோ கைநீட்டித் தயாராக நின்றார்கள். எனக்கும் பொறுமை போய்விட்டது. இருவரும் விரலைக் கொடுத்து இழுத்தோம். கதவு ஒரு சாண் திறந்தது.

அப்போதுதான் உறைத்தது. என்றோ சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் சொன்னது: லிஃப்டைக் கையால ஏத்தும்போது ஒரு கை பிரேக்கைத் தூக்கிப் பிடிக்கணும், இன்னொரு கை சக்கரத்தைச் சுத்தணும், நீ போன் பண்ணினாலும் எடுக்க மாட்டேன், கோவிச்சுக்காதே. இருவர் செய்யும் வேலை அது. கூட்டாளி இன்று லீவு. பிள்ளை பாதி வெளியே இருக்கும்போது லிஃப்ட் ஏறினால்?

"கையை எடுங்க சிஸ்டர்!"

"முள்ளைப் பாருங்கக்கா!"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். அவர் மேல வேலை பாத்துட்டிருக்காரு."

"சத்தமே காணோம். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது தெரியாது. அவரைத் தெரியும்."

கதவை இழுத்துச் சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். முள் சிவப்பைத் தொட்டது. மகளின் உதடு நீலம் பாரித்தது. ஆண்டவரே, இன்னும் உம்மேல் கோபம் தீரவில்லை, கோபத்தோடுதான் உம்மைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அதற்கும் பதில் இல்லை.

காலடியில் தரை லேசாக அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். கதவிடுக்கில் தெரிந்த சிமெண்ட் சுவர் விரல்கடை விரல்கடையாக நகர்ந்தது. தரைகள் சமமானதும் வெளியிலிருந்து கதவைத் திறந்து, மகளைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

அவர் இறங்கி வந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன.

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சு. கையை விட முடியலம்மா."

அழுதுவிட்டேன். இதை எங்கள் சபையில் சொன்னால் அடுத்த ஞாயிறே பிரசங்கமாக்கிவிடுவார்கள். எனக்கோ அது போதவில்லை.

"அப்ப மூத்தவன் போனப்ப? அன்னிக்கு ஆண்டவர் கை எங்கங்க இருந்துச்சு?"

அவர் தியேட்டர் கதவையே பார்த்தார். "தெரியலம்மா. நானும் தினம் அதைத்தான் கேக்குறேன்."

மூன்று வருடமாக நான் மட்டும்தான் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கொப்புளம் படாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கேள்வியிலிருந்தே ஜெபத்தை ஆரம்பித்தேன். கதவு திறக்கும்வரை ஆமென் சொல்வதாக இல்லை.