ஊசித் துளைகள்

மெஷினம்மாவின் வீட்டுக்குள் வருகிறவர்கள் உடம்பை ஒருக்களித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். முன்னறையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஓர் இரும்புச் சட்டம், போர்வையைச் சுற்றிக்கொள்ள உருளைகள், மேலே தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடுகிற தையல் மெஷின், அதன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் திரை. இதற்கு இடம் பண்ண சோபா வெளியே போனது, சாப்பாட்டு மேஜை சமையலறைக்குள் போனது. "உங்க வீட்ல மெஷின் இருக்கா, இல்ல மெஷின் வீட்ல நீங்க குடியிருக்கீங்களா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கும்போதெல்லாம் சிரித்து வைப்பாள். தெருவில் யாருக்கும் அவள் பெயர் தெரியாது. மெஷினம்மா என்றால்தான் வழி சொல்வார்கள்.

வேலை இதுதான். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணியை ஜனங்கள் கொண்டுவருவார்கள். அதன் அடியில் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு முழுத்துணி, ஆக மூன்றையும் அவள் சட்டத்தில் ஏற்றி இழுத்துக் கட்டுவாள். கம்ப்யூட்டரில் பூவோ கொடியோ ஒரு டிசைனைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால், மெஷின் தானாக ஓடி மூன்று அடுக்கையும் சேர்த்து அதைத் தைத்துக்கொண்டே போகும். இப்போது எல்லோருக்கும் பழசின் மேல் பைத்தியம். துணி நேற்று ஆலையிலிருந்து வந்ததாக இருக்கும். ஆனால் அச்சு பழங்காலத்துச் சின்னப் பூவாக இருக்க வேண்டும், தையல் கையால் போட்டது மாதிரி தெரிய வேண்டும், ஒரு தடவை துவைத்தால் சுருங்கி நாலு தலைமுறை மூடிப் படுத்த போர்வையாகிவிட வேண்டும். புதுசைப் பழசாக்கித் தருவதில் மெஷினம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்டவள் சொந்த அக்காவின் போர்வையில் கோட்டை விட்டாள்.

அக்கா கடைசியாகத் தொட்ட வேலை அது. மகளுக்கென்று ஆரம்பித்தது. கட்டம் கட்டமாக மேல்துணி. ஓரமெல்லாம் மங்கலான சின்னப் பூ அச்சு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வெளிர் சந்தன நிறத்தில் ஒரு சதுரம். அந்தச் சதுரம் ஒவ்வொன்றிலும் ஒரு பூ கையால் தைப்பதாகத் திட்டம். நட்ட நடுவிலிருந்த கட்டத்துக்கு மட்டும் அடியில் பஞ்சும் துணியும் வைத்து, அதே சந்தன நிற நூலில் ஓர் ஆறிதழ்ப் பூவைத் தைத்து முடித்தாள். அத்தோடு கை ஓய்ந்துவிட்டது.

மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். வளர்ந்து, படித்து, தூரத்தில் ஒரு பெரிய ஊரில் வேலைக்குப் போன பிறகும் வாலுதான். அம்மா இறந்தபோது வந்தவள், திரும்பிப் போன பிறகு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. மெஷினம்மாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அக்காவும் போய்விட்ட பிறகு, என்னுடையவள் என்று சொல்லிக்கொள்ள இந்த ஒருத்திதான் மிச்சம். ஆகவே ஒரு நாள் காலையில் வாலு கையில் ஒரு துணிப்பையோடு வாசலில் வந்து நின்றபோது, மெஷினம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இதை முடிச்சுத் தருவீங்களா சித்தி?" என்றாள் வாலு. "நான் இன்னும் விரிச்சே பாக்கல. மனசு வரல. நடுவுல ஒரு பூ தைச்சிருக்கிறதா அம்மா போன்ல சொன்னாங்க, அதுதான் எல்லாக் கட்டத்துலயும் வரணும். உங்க மெஷின்ல இருக்கிற பூ எதுவும் வேண்டாம்."

"அப்படின்னா அந்தப் பூவைப் பிரிக்கணும்டி. ஒரு கட்டம் மட்டும் ஏற்கெனவே தைச்சிருந்தா, சட்டத்துல இழுக்கும்போது சுருக்கம் விழுந்துடும்."

வாலு பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பயப்படாதே. முதல்ல படம் எடுத்துக்குவேன். அதுமேல கோடு இழுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, உங்கம்மா போட்ட தையலை மெஷின் அப்படியே போடும்."

"அப்படியேன்னா அப்படியே தானே?"

"அப்படியேதான்."

வாலு பையைக் கொடுத்தாள். "ஒரே நாள்ல போயிட்டாங்க. வலி, வேதனைன்னு எதையும் பாக்கல. அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிட்டிருக்கேன்" என்றாள். மெஷினம்மா பையின் பிடியைச் சுருட்டியபடி தலையை ஆட்டினாள். கிளம்பும்போது, "போயிட்டு வரேன் சித்தி" என்று வாலு சொன்னது அவளுக்குத் தேனாக இருந்தது. சின்ன வயதில் இந்தப் பெண் வாசலில் நின்று "போறேன்" என்று கத்துவாள். "போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு" என்று ஒவ்வொரு தடவையும் இவள்தான் திருத்துவாள்.

ஒரே நாள் என்பது பச்சைப் பொய். அக்காவுக்கு முதலில் விரல்கள் மரத்தன, பிறகு கை நடுங்கியது, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். புது வேலையில் லீவு கிடைக்காமல் மகள் ஊர்ப் பக்கமே வராத வருஷம் ஒன்று அப்படிப் போனது. "அவகிட்ட மூச்சு விடாதே. இப்பத்தான் வேலைல சேர்ந்திருக்கா, எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவா. சரியானதும் நானே சொல்லிக்கிறேன்" என்று அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டாள். சரியாகவில்லை. நாக்கு தடித்து அக்காவின் பேச்சு குழறிய நாட்களில் போன் வந்தால் மெஷினம்மா எடுத்து, அம்மா குளிக்கிறா என்பாள். அந்த வருஷம் அக்கா குளித்த குளியலை உலகத்தில் யாரும் குளித்திருக்க மாட்டார்கள்.

ஜன்னலோரம் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துப் பூவைப் படம் எடுத்து, திரையில் பெரிதாக்கினாள். வெறும் கண்ணுக்குத் துணியோடு துணியாகக் கிடந்த சந்தன நிற நூல் அங்கே நன்றாகத் தெரிந்தது. முதல் இதழ் பரவாயில்லை. இரண்டாவதில் தையல் ஒன்று நீளம், ஒன்று கட்டை. நாலாவது இதழ் வழி தவறி வெளியே போய்த் திரும்பி வந்திருந்தது. ஐந்தாவதில் ஊசி ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் குத்தியிருந்தது. மெஷினம்மா ஒன்றையும் விடாமல் புள்ளி புள்ளியாக அதன் மேல் கோடு இழுத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே இழுத்தாள். உண்மையில் அவ்வளவு பத்திரமாக அவள் எந்த டிசைனையும் கம்ப்யூட்டரில் ஏற்றியதில்லை.

சேமிக்கப் போகும்போது, கோட்டைச் சீராக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது எப்போதும் கேட்கிற கேள்விதான். வாடிக்கையாளர்கள் கையால் வரைந்து தருகிற படங்களுக்கெல்லாம் அவள் ஆமாம் என்றுதான் அழுத்துவாள். அழுத்தாவிட்டால் அவர்களே கோபித்துக்கொள்வார்கள். இப்போதும் விரல் அதன் பாட்டுக்குப் போய் அழுத்தியது. திரையில் ஆறு இதழ்களும் அச்சில் வார்த்ததுபோல் நிமிர்ந்து நின்றன.

பழக்க தோஷம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் இன்னொரு பொத்தானை அழுத்தினால் பழையபடி வந்திருக்கும். அவள் அதை அழுத்தவில்லை. பயந்தாள், அதுதான் நிஜம். கோணலைப் பார்த்தால் வாலு கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டிவரும். சொன்னால் இருக்கிற ஒருத்தியும் கைவிட்டுப் போய்விடுவாள். அக்காவே இருந்திருந்தாலும் இந்த நேரான பூவைத்தான் மகளுக்குக் கொடுக்க நினைத்திருப்பாள் என்று ஒரு சமாதானம் வேறு. அந்தச் சமாதானத்தின் தைரியத்தில் போனிலிருந்த படத்தையும் அழித்தாள்.

பிறகு அக்காவின் தையலைப் பிரித்தாள். பிரித்த இடத்தில் ஊசி போன துளைகள் நின்றன. அது எப்போதும் நடப்பதுதான். தண்ணீர் தெளித்து நகத்தால் தேய்த்தால் இழைகள் நெருங்கி மூடிக்கொள்ளும். தேய்த்தாள். இந்தத் துளைகள் மூடவில்லை. மேலே மெஷின் தையல் விழுந்தால் யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று சட்டத்தில் ஏற்றிவிட்டாள். மெஷின் தடதடவென்று கட்டம் கட்டமாகப் போனது. நடுக்கட்டம் நெருங்கியபோது அவள் டீ போட எழுந்து போனாள்.

வாலு வந்த மத்தியானம் வெயில் நன்றாக அடித்தது. ஜன்னலுக்குக் கீழே போர்வையை விரித்ததும் அவள் வாய் திறந்தபடி நின்றாள். மண்டியிட்டு ஒரு பூவைத் தடவினாள், பக்கத்துப் பூவைத் தடவினாள்.

"அம்மா கை அப்படியே இருக்கு சித்தி! எவ்ளோ நேரா இருக்கு பாருங்க. கடைசிவரைக்கும் இப்படித்தான் தைச்சிருக்காங்க."

எழுந்து சித்தியைக் கட்டிக்கொண்டாள். மெஷினம்மாவுக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால். இனி இவள் அடிக்கடி வருவாள், சாப்பாட்டு மேஜையை மறுபடி முன்னறையில் எங்கே போடலாம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது.

வாலு நடுக்கட்டத்தைத் தேடிப் போய்க் குனிந்தாள். "இது என்ன புள்ளி புள்ளியா?"

"அம்மா தைச்ச ஓட்டைதான். பிரிச்சேன்ல."

"அப்போ மெஷின் அதுமேலதானே போயிருக்கணும்? இது தள்ளித் தள்ளிப் போகுதே."

"பிரிக்கும்போது துணி இழுத்திருக்கும்."

வாலு விரலால் துளைகளைத் தொடர்ந்துகொண்டிருந்தாள். "ஓட்டை ஏன் இவ்ளோ பெருசு? அம்மா மெல்லிசு ஊசிதானே எடுப்பாங்க. யாராவது பெரிய ஊசியை எடுத்தா, கோணிப்பையா தைக்கிறீங்கன்னு கிண்டல் பண்ணுவாங்களே."

மெஷினம்மா சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கடையில் மெல்லிசு ஊசி கிடைக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. வாய் வரவில்லை.

"மெல்லிசு ஊசி அவ விரல்ல நிக்கல" என்றாள்.

வாலு நிமிரவில்லை. "எப்பலேருந்து?"

"நீ வேலைக்குப் போன கொஞ்ச நாள்லேருந்து."

"குளிக்கிறாங்கன்னு சொன்னீங்க."

"உங்கம்மாதான் சொல்லக் கூடாதுன்னு—"

"அது அவங்க உசுரோட இருந்தப்போ சொன்னது. அப்புறம்? ஒரே நாள்ல போயிட்டாங்கன்னு நான் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிட்டு நின்னீங்களே." வாலு இப்போதுதான் நிமிர்ந்தாள். "நான் அப்படியேன்னு கேட்டேன் சித்தி. அந்த ஒண்ணுதான் கேட்டேன்."

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் படத்தைக் காட்டுங்க. எடுத்தீங்கல்ல?"

"அழிச்சுட்டேன்."

"அப்போ பிரிங்க. இந்த ஒரு கட்டத்தை மட்டும் பிரிங்க. அம்மா எப்படித் தைச்சாங்கன்னு நான் பாக்கணும்."

மெஷினம்மா தையல் பிரிக்கும் முள்ளை எடுத்துவந்து உட்கார்ந்தாள். முதல் தையலின் அடியில் முனையைச் செருகினாள். சட்டென்று கை நின்றது.

"பிரிக்கக் கூடாது வாலு."

"ஏன், இன்னும் என்ன மறைக்கணும்?"

"இப்போ நூல் இருக்கிறது மெஷின், நூல் இல்லாதது அம்மா. மெஷின் ஊசியும் அவ ஊசி மாதிரி தடிசுதான், பிரிச்சேன்னா ரெண்டும் வெறும் ஓட்டை. எது எதுன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."

பேசாமல் பிரித்திருந்தால் எல்லாம் குழம்பிப்போய், அந்த நடுக்கத்துக்குச் சாட்சியே இருந்திருக்காது. அது மெஷினம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. வாலுவுக்கும் அது புரிய அதிக நேரம் ஆகவில்லை. முள்ளை வாங்கித் தள்ளி வைத்தாள். பிறகு முதல் இதழிலிருந்து ஆரம்பித்து, நூலை விட்டுவிட்டுத் துளைகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போனாள். ஐந்தாவது இதழில் விரல் நின்றது.

"இங்க என்ன ஆச்சு?"

"ஊசி நழுவிடும். நான் எடுத்துக் கொடுப்பேன், மறுபடி குத்துவா, மறுபடி நழுவும். கொடு அக்கா, நான் குத்தறேன்னா விடமாட்டா. என் பொண்ணுக்கு நான்தான் தைப்பேன்னுவா."

"நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன்."

"நானும் இருந்திருப்பேன்" என்றாள் வாலு.

அதற்கப்புறம் அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் மெஷினம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நடுக்கட்டம் வெளியே தெரியும்படி போர்வையை மடித்தாள். பைக்குள் வைக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டாள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மெஷினம்மா பின்னாலேயே போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வாலு செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"போறேன் சித்தி."

மெஷினம்மா வாயைத் திறந்தாள். இந்தத் தடவை அவள் திருத்தவில்லை.