தாய்மாமனுக்கு விழுந்த பச்சை

ஆவணி நான்காம் தேதி காலை ஒன்பது இருபது டவுன் பஸ், சிவகாசி நாலு ரோடு முக்கில் நின்ற பெத்தணனின் பட்டாசு லாரிக்குள் பின்பக்கமாக நுழைந்து முன்பக்கமாக வெளியே வந்தது. யாருக்கும் காயமில்லை. பயணிகளுக்கு லேசாக மருந்து நெடி அடித்தது, இரண்டு பேர் தும்மினார்கள், கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே இருந்தார்.

நெரிசல் தீர அந்த முக்கில் ஒயர்லெஸ் சிக்னல் வைத்து எட்டு மாதமாகிறது. ஒவ்வொரு வண்டியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். வண்டி வருவதை அது தூரத்திலேயே சிக்னலுக்குச் சொல்லிவிடும், சிக்னல் எண்ணிப் பார்த்து வழிவிடும். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் தாயில்பட்டி கம்பெனி போர்மேன் லட்சுமிகாந்தம், வாசலிலேயே செல்போனைப் பிடுங்கி வைக்கிறவர், மருந்து லோடு பக்கத்தில் ஒயர்லெஸ் எதற்கு என்று பெத்தணன் லாரியின் பெட்டியைக் கழற்றி டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். பெட்டி இல்லாத வண்டி சிக்னலைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. ஆகவே அதற்குப் பச்சை விழவே இல்லை; சக்கரம் சுற்றியது, லாரி நகரவில்லை. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் அதற்குள் புகுந்து போயின. மூன்றாம் நாளிலிருந்து ஒருவரும் ஹாரன்கூட அடிக்கவில்லை.

பெத்தணன் பதினோரு நாள் அங்கேயே இருந்தார். பட்டாசு லோடை அம்போவென்று விட்டுவிட்டுப் போகிற டிரைவர் இந்தப் பக்கம் கிடையாது. லட்சுமிகாந்தமும் பெட்டியைத் தரவில்லை. "லாரி காணாமப் போனாக்கூடப் பரவால்ல, வெடிச்சிரக் கூடாதுல்ல" என்றார். பெத்தணனின் கவலை வேறு. பதினைந்தாம் தேதி விருதுநகரில் தங்கை அருணாதேவியின் மகள் ரோஷினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். இவர் ஒருவர்தான் மாமன். வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் பிள்ளையை அவர்கள் பக்கத்து ஆள் மடியில் வைத்துவிடுவார்கள். அதை நினைத்து ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

அருணாதேவி லேசில் விடுகிறவள் அல்ல. விசேஷத்தையே நாலு வேனில் ஏற்றி முக்குக்குக் கொண்டுவந்துவிட்டாள். "அண்ணே, நீங்க இங்கன உக்காந்திருக்கீக, பிள்ளைக்கு அங்கன எப்பிடிக் காது குத்துறது?" என்று குழந்தையை கேபினுக்குள் நீட்டினாள். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த லட்சுமிகாந்தம், "போன் வச்சிருக்க ஆளெல்லாம் முப்பதடி தள்ளி நில்லுங்க!" என்று கத்தினார். நூற்றுச் சொச்சம் சொந்தக்காரர்கள் லாரியைச் சுற்றி வட்டமாக நின்று வீடியோ எடுத்தார்கள். சிக்னல் அத்தனை போனையும் எண்ணியது. நடுவில் எதுவுமே இல்லாத ஓர் இடம் இருப்பதைக் கவனித்தது. அது ஒரு லாரி நிற்கிற இடம் என்று அதற்கு அன்றைக்குத்தான் புரிந்தது. மற்ற மூன்று ரோட்டையும் நிறுத்திவிட்டுப் பெத்தணனுக்குப் பச்சை போட்டது.

அப்போது காது குத்த வந்த பத்தர் ஒரு காதை முடித்திருந்தார்.

"ஏலே பெத்தணா, விழுந்துருச்சு, எடுலே வண்டிய!" என்று சொந்தக்காரர் ஒருவர் கத்தினார்.

பெத்தணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருக்கட்டும். பதினோரு நாளு நான் நின்னேன்ல, இப்ப அது நிக்கட்டும். எம் மருமகளுக்கு இன்னும் ஒரு காது பாக்கி."

நின்றது. ரோஷினி இரண்டாவது காதுக்கும் அழுது ஓய்ந்து, மாமன் கையால் மிட்டாய் வாங்கித் தின்று முடித்த பிறகே லாரி கிளம்பியது. சிக்னலின் பதிவில் அந்தப் பச்சை இருபத்திரண்டு நிமிடம் என்று இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'காதுகுத்து' என்று அதுவே எழுதிக்கொண்டது.