கடைசி மூட்டையில் ஒரு படகு

என் கணவர் கொத்தனார். எதையும் கனமாகக் கட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். நாய்க்கு அவர் கட்டிய கூண்டு எங்கள் வீட்டைவிட உறுதி.

என் தையல் கடை ஏரிக்கு அந்தப் பக்கம். பஸ்ஸில் சுற்றிப் போக ஒரு மணி நேரம். துடுப்புப் போட்டால் பத்து நிமிடம். மரம் விற்கும் விலைக்கு எங்கே போவது, சிமெண்டிலேயே படகு செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

முதல் படகின் சுவர் நாலு விரல் கனம். தண்ணீரில் இறக்கியதும் நாலைந்து குமிழி விட்டது. அவ்வளவுதான்.

லாரி ஓட்டும் என் அண்ணன் கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்பிள்ளை, மீனுக்கெல்லாம் வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க. புண்ணியமாப் போகும்."

"இன்னும் ஒரு மூட்டை சிமெண்ட் இருக்கு மச்சான்."

"அதுவும் மூழ்கினா இந்தக் கிறுக்கை விட்டுடணும். நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்றேன் நான். என் கணவர் முகம் சுருங்கிப்போனது.

எனக்கே மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை எடுத்து உருட்டி, சுத்தியலால் தட்டி, வாளித் தண்ணீரில் போட்டேன். மூழ்கியது. அதே அளவு இன்னொரு தாளைக் கிண்ணம்போல் மடித்து மிதக்கவிட்டேன். உள்ளே சட்டைப் பித்தான்களைப் போட்டேன். பதினொன்று போட்டும் மூழ்கவில்லை.

"ரெண்டும் ஒரே எடைதான். இது அகலமா உக்காந்து, நிறையத் தண்ணிய ஒதுக்குது. ஒதுக்கின தண்ணிதான் தாங்குது. உங்க படகு இந்த உருண்டை மாதிரி. கனம் ஜாஸ்தி, இடம் கம்மி."

"மெல்லிசாப் போட்டா உடைஞ்சிடுமே."

"மெல்லிசுத் துணிக்கு நான் குடுக்கிற மாதிரி உள்ள லைனிங் குடுங்க."

உடனே சிமெண்டுக்கு உள்ளே வைக்கக் கோழிக் கூண்டுக் கம்பி வலை வாங்கக் கிளம்பினார்.

இரண்டாவது படகு ஒரு விரல் கனம்தான். இறக்கியதும் வாத்து மாதிரி மிதந்தது. ஆனால் அவர் கால் வைத்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவரைத் தண்ணீரில் கொட்டிவிட்டு மறுபடி நிமிர்ந்துகொண்டது.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நனைந்த தலையோடு என் கணவர் அந்த வயிற்றையே பார்த்தார். செங்கல் லோடை அளக்கும் அதே பார்வை.

"மச்சான், உங்க எடை என்ன?"

"எதுக்கு?"

"அடியில கனம் இருந்தா ஆடாது. நடுவுல, தரையோட உக்காருங்க."

"எனக்கு நீச்சல் தெரியாதுப்பா."

"அண்ணே, ரெண்டு வாரமா வாய் ஓயல உனக்கு. உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தார். படகு ஒரு சாண் இறங்கி, அப்படியே அடங்கி நின்றது. நாங்கள் இருவரும் ஏறினோம். அசையவில்லை. அண்ணன் இரு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டு, பேச்சே இல்லாமல் வந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, என் கடைப் பலகை தெரிந்தது. கரை தட்டியதும்தான் அண்ணனுக்கு வாய் திரும்பியது.

"அப்ப தினமும் நான் வரணுமா?"

"வேணாம் மச்சான். ரெண்டு மூட்டை மணல் போட்டாப் போதும்."

அண்ணன் படகை விட்டு இறங்காமல் யோசித்தார்.

"மணல் பேச்சுத் துணைக்கு ஆகுமா மாப்பிள்ளை?"