பனிப்பாளத்துச் சேதி

1934ஆம் வருஷம் தொடங்கியதிலிருந்து பெக்செயித் ஒரு நல்ல சேதிக்காகக் காத்திருந்தான்.

கஜக் புல்வெளியில் ரயில் எஞ்சின்கள் தண்ணீர் பிடிக்கும் சின்ன நிறுத்தம் அது. பம்பு அவன் பொறுப்பு. பஞ்சம் வந்து போனபின் கண்ணுக்கெட்டிய தூரத்தில் புகை எழும் வீடு இரண்டுதான்: ஒன்று அவனுடையது, மற்றது வறண்ட ஆற்றுக்கு அப்பால் ஒரின்ஷாவுடையது. இருவருக்குமே சொந்தமென்று யாரும் மிஞ்சவில்லை. தனியாக இருக்கிற பெண்ணின் வாசலில் காரணமில்லாமல் ஓர் ஆண் போய் நிற்க முடியுமா? ஆனால் “சுயின்ஷி!” என்று கூவிக்கொண்டு நல்ல சேதி கொண்டுவருகிறவனை யாரும் விரட்ட மாட்டார்கள். சேதியைக் கேட்டு, கையில் ஒரு பரிசும் கொடுத்தாக வேண்டும். பேச்சுத்துணைக்கு அதைவிட நல்ல சாக்கு கிடையாது.

கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியோ குளிர்காலம் முழுக்க இழவுதான் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தியாவில் பூமி அதிர்ந்து ஊர்கள் மண்ணோடு மண்ணாயின. வியன்னாவில் குடியிருப்புகள்மேலேயே பீரங்கியால் சுட்டார்கள். வடகடலில் ஒரு கப்பலைப் பனி நொறுக்கி, நூற்றுச் சொச்சம் பேரைப் பனிப்பாளத்தின்மேல் நிறுத்திவிட்டது. இதையெல்லாம் எந்த வாசலில் போய்க் கூவுவது?

ஏப்ரலில் பனிப்பாளத்திலிருந்து கடைசி ஆளையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள் என்றது ஒலிபெருக்கி. பெக்செயித் அவசரமாக முகம் மழித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தான்.

“சுயின்ஷி! சுயின்ஷி, தங்கச்சி!”

கதவு ஒரு சாண் திறந்தது. “என்னண்ணே, கழுத்துல ரத்தம்? சவரமா, சண்டையா?”

“பனியில மாட்டினவங்க அத்தனை பேரும் பொழச்சிட்டாங்க! விமானம் போய்த் தூக்கிட்டு வந்திருச்சு!”

“யாரு, உங்க மாமன் மச்சானா?”

“யாரோ கப்பல்காரங்க.”

அவள் சிரித்துவிட்டாள். அவன் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். அது பாதியில் நின்றது.

“கொழந்தைங்க இருந்துச்சா?”

“ரெண்டு. அதுங்களத்தான் மொதல்ல ஏத்தினாங்களாம்.”

“பஞ்சத்துல நம்ம பக்கம் ஒரு விமானமும் வரலையே, அண்ணே.”

உள்ளே போனவள் ஒரு கைக்குழந்தையின் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“இது வேணாம் தங்கச்சி. ஒரு வாய் தேத்தண்ணி குடு, போதும்.”

“தேயிலை ஏது? இருக்கிறது இதுதான். பரிசு வாங்காமப் போனா சேதி பலிக்காது. புடிங்க.”

வாங்கிக்கொண்டான். கதவு சாத்திக்கொண்டது.

அறைக்கு வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை ஆணியில் மாட்டினான். உள்ளங்கை அளவுதான் இருந்தது.

சாயங்காலம் ஒலிபெருக்கி இன்னொரு நல்ல சேதியை ஆரம்பித்தது. அவன் எழுந்துபோய்ப் பம்பை முழு இரைச்சலோடு ஓடவிட்டான். தண்ணீர் பிடிக்க அப்போது எந்த எஞ்சினும் நிற்கவில்லை.