கிலியானின் முகமூடியைக் கழற்றுவது பற்றி

1

இந்தக் கதை வந்த வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம், கருங்காட்டு மலையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், கார்னிவல் திங்கட்கிழமை, குழந்தைகளின் மாறுவேட ஊர்வலம் கலைந்துகொண்டிருந்த நேரம், என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைத் தெருவைக் கடந்தேன். மறுபக்கம் போய்ச் சேர்ந்த பிறகு, முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் களுக்கென்று சிரித்தாள். நான் இழுத்துக்கொண்டு வந்தது ரொட்டிக்கடைக்காரரின் பையனை. இரண்டு பேரும் ஆந்தை வேஷம். ஒரே மாதிரி மர முகமூடி, ஒரே மாதிரி துணித்துண்டு அங்கி, வெள்ளைக் கையுறை. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

பயந்தவர்கள் ஒன்று சாமி கும்பிடுவார்கள், இல்லாவிட்டால் கதை எழுதுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் வாய்த்தது. என் மகளை வைத்து எழுதக் கை வரவில்லை. அதனால் ஒரு பையனைப் பிடித்தேன். பெயர் கிலியான். அவன் அம்மா ரோஸ்வித்தா. இருவரும் கற்பனை. பயம் மட்டும் என்னுடையது.

2

முதல் தொடக்கம்:

"கருங்காட்டின் மேல் பனி கொட்டிய அந்தப் பிற்பகலில் ரோஸ்வித்தா தன் வாழ்க்கையின் மிகப் பெரிய—"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் வாசகர் இப்போதே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

இரண்டாவது:

"கிலியான் மூன்று வயதிலிருந்து இந்த நாளுக்காகக் காத்திருந்தான்."

இது நிற்கும். எங்கள் ஊரில் ஏழு வயதானால்தான் மர முகமூடி. அதுவரை கன்னத்தில் சாயம் பூசிக்கொண்டு ஓரமாக நடக்க வேண்டியதுதான். முகமூடி ஏறிவிட்டால் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. அது சொந்தக் குரலில் பேசக்கூடாது. எது கேட்டாலும் தலையை ஆட்டிக் கழுத்து மணியை ஒலிக்கலாம், அவ்வளவுதான். மாலைக் கோயில்மணி அடித்த பிறகு அதுவே தன் முகமூடியைக் கழற்றும். அடுத்தவர் முகமூடியில் யாரும் கை வைக்கக்கூடாது. பெற்ற தாய்க்கும் அந்த உரிமை இல்லை.

ஆந்தைச் சங்கத் தலைவர் ஏகோன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்வார்: "பாதியில எவனாச்சும் மூஞ்சியக் காட்டினா, அடுத்த வருஷம் அவனுக்கு வாத்து வேஷந்தான். யோசிச்சுக்குங்க."

(வாத்து வேஷம் என்று ஒன்று எங்கள் ஊரில் கிடையவே கிடையாது. பெரியவர்களுக்கு இது விளையாட்டு. பிள்ளைகளுக்கு இது வேதவாக்கு.)

3

ரோஸ்வித்தாவின் கணவனை எங்கே வைப்பது? அவன் பக்கத்தில் இருந்தால் முகமூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பீர் குடிக்கப் போய்விடுவான், கதை படுத்துவிடும். அதனால் அவனை பாண்டு குழுவில் டியூபா ஊத அனுப்பிவிட்டேன். கார்னிவல் நாளில் டியூபாக்காரன் எப்போது வீடு திரும்புவான் என்று கடவுளுக்கே தெரியாது.

ஊர்வலம் மரப்பாலத்துக்கு வருகிறது. வண்டிகளிலிருந்து மிட்டாய் வீசுகிறார்கள். "நர்ரி" என்று ஒரு பக்கம் கார்னிவல் கூச்சல் எழ, "நர்ரோ" என்று மறுபக்கம் பதில் வருகிறது. அப்போது மதுக்கடை வண்டியின் குதிரை மிரண்டு பின்வாங்குகிறது. கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஆந்தைகள் சிதறுகின்றன. ரோஸ்வித்தா பாய்ந்து ஒரு வெள்ளைக் கையுறையைப் பிடிக்கிறாள். பாலத்துக்குக் கீழே ஓடை, கரையோரம் மட்டும் உறைந்து, நடுவில் கறுப்பாக ஓடுகிறது.

"போதும்டா கண்ணு, வீட்டுக்குப் போலாம். பணியாரம் சுட்டு வச்சிருக்கேன்," என்கிறாள்.

ஆந்தை தலையை ஆட்டுகிறது. மணி ஒலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அது சமையலறை நடுவில் நிற்கிறது. சீனி தூவிய பணியாரத்தைப் பார்க்கிறது, தொடவில்லை. முகமூடியோடு எப்படித் தின்னும்? சிறிது நேரம் கழித்துக் கால்களைப் பின்னிக்கொள்கிறது. பிறகு நடந்துபோய் ஒரு கதவைத் திறக்கிறது.

அது கழிப்பறைக் கதவு இல்லை. துடைப்பங்கள் வைத்திருக்கும் அலமாரி.

ரோஸ்வித்தா அலமாரிக் கதவைச் சாத்துகிறாள். முகமூடியின் கண்துளை சின்னது, சரியாகத் தெரிந்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். கழிப்பறைக்கு அழைத்துப்போய், திரும்பக் கூட்டிவந்து, எதிரே முட்டி போட்டு உட்கார்கிறாள்.

"நீ கிலியான்தானே?"

தலையாட்டல். மணி.

அவளுக்கு உயிர் வருகிறது. எழுந்திருக்கப் போனவள், ஏனென்று தெரியாமல் இன்னொன்றும் கேட்டுவிடுகிறாள்.

"நீ பக்கத்துத் தெரு லேனியா?"

அதே தலையாட்டல். அதே மணி.

4

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு ஒட்டிலி வீட்டுக்குப் போனேன். ஒட்டிலி என் அடுத்த வீட்டுக்காரி. ஆந்தை அங்கிகளுக்குத் துணித்துண்டு தைக்கிறவள், வாயும் ஊசி மாதிரிதான். படித்துக் காட்டினேன். பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தப் புள்ளடி முன்னப்பின்ன பழகாதவ கையப் புடிச்சா கூடப் போகும்?"

"பணியாரம்னு சொன்னா போவாதா? வாயத் திறந்து மாட்டேன்னு சொல்லவும் முடியாது. வாத்து வேஷம் கிடைச்சிடுமே."

"அதுவும் சரிதான். போன வருஷம் ரொட்டிக்கடைப் பையன் உன் கூட வந்தானே."

"அத ஏன் இப்ப இழுக்கிற?"

"நீதானே அத எழுதிட்டிருக்க, நான் எங்க இழுத்தேன்?" என்று சிரித்தாள். பிறகு, "இவ ஏன் அந்த மூஞ்சியக் கழட்டிப் பாக்காம முழிச்சிட்டு நிக்கிறா?" என்றாள்.

"அது கிலியானா இருந்தா? நாலு வருஷமா காத்திருந்த புள்ள. அம்மாவே கெடுத்துட்டான்னு ஆயுசுக்கும் மறக்க மாட்டான்."

"இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேணாம். நெஜத்தச் சொல்லு."

நிஜத்தைச் சொன்னேன். முகமூடியைக் கழற்றாதவரை அது அவள் பிள்ளை. கழற்றி, உள்ளே வேறு முகம் இருந்துவிட்டால், அந்த நொடியிலிருந்து கிலியான் தொலைந்துபோனவன். தொலையாத பிள்ளையைத் தன் கையாலேயே தொலைக்க எந்த அம்மாவுக்கு விரல் நீளும்?

ஒட்டிலி ஊசியைக் கீழே வைத்தாள். அவள் ஊசியைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

"லூசாடி நீ? இவ பாத்தாத்தான் அவன் தொலைவானா? அது வேற புள்ளன்னா, அவன் தொலைஞ்சு அவ்வளவு நேரம் ஆச்சு. அந்தப் பாலத்துகிட்ட, இருட்டுற நேரத்துல, அம்மாவத் தேடிட்டு நிக்கிறான். கூப்பிடவும் முடியாது, பேசக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்க. இவ இங்க நின்னு யோசிக்கிறா. நீ அத எழுதி எடுத்துட்டு வந்து, என் வீட்டுல உக்காந்து காப்பி குடிக்கிற."

காப்பி பாதியில் இருந்தது. அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

5

முடிவு, முதல் வகை: கழற்றுகிறாள். கிலியான். வியர்த்த நெற்றி, சிவந்த காது. "ஏம்மா கழட்டின?" என்று அழுகிறான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு அவனைவிடச் சத்தமாக அழுகிறாள். (எழுதியதும் நானும் அழுதேன். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

முடிவு, இரண்டாம் வகை: கழற்றுகிறாள். லேனி. "கோயில் மணி அடிச்சிருச்சா?" என்று கேட்கிறாள் லேனி. ரோஸ்வித்தா கோட்டுகூடப் போடாமல் தெருவில் ஓடுகிறாள். பாலத்தில் யாரும் இல்லை. மிதிபட்ட மிட்டாய்கள் கிடக்கின்றன. அவள் கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டி—

எட்டிப் பார்க்கவில்லை. இந்த வாக்கியத்தை நாலு தடவை எழுதினேன், நாலு தடவையும் அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. ஓடையில் என்ன இருக்கிறது என்று நான் எழுதினால் அது இருக்கும். எழுதாவிட்டால் அங்கே வெறும் தண்ணீர்தான். எழுதுகிறவளுக்கு இது ஒரு வசதி.

மூன்றாம் வகை: மாலை மணி அடிக்கும்வரை காத்திருக்கிறாள். ஆந்தை தானே கழற்றும், சடங்கும் கெடாது. ஊரில் பாதிப் பேர் இதைத்தான் செய்வார்கள், நானும் இதைத்தான் செய்திருப்பேன். எனக்கு இருப்பதிலேயே அதிகப் பயம் இந்த முடிவின் மேல்தான். இதில் அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, கிலியானுக்கு நேரம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

6

ஆகவே முடிவு எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விட்டாலும் கதை நிற்கிறதா? சமையலறையில் வெளிச்சம் குறைகிறது. ஜன்னலுக்கு வெளியே டியூபா சத்தம் தூரத் தெருவுக்குப் போய்விட்டது. ரோஸ்வித்தா முட்டி போட்டபடி இருக்கிறாள். கை பாதி வழி வந்து அந்தரத்தில் நிற்கிறது. அவள் தானாக அசைய மாட்டாள். அவள் என் எழுத்து, நானோ பயந்தாங்கொள்ளி. என் பயத்தைத்தான் அவள் கையில் ஊற்றி வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. கிலியான் உங்கள் பிள்ளை இல்லை. முகமூடியின் நாடா பிடரியில் ஒற்றை முடிச்சாகக் கட்டியிருக்கிறது. இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

எந்த முகமாக இருந்தாலும் சரி, சீக்கிரம் பாருங்கள். நான் சொன்ன கடைசி மூன்று பத்தியும் நீங்கள் படித்து முடிப்பதற்குள், வெளியே இன்னும் கொஞ்சம் இருட்டிவிட்டது.