சேர்மன் அமுக்கிய குமிழ்

பெரியப்பா மகன் படித்த கல்லூரி வாசலில் நீரூற்று உண்டு. என் கல்லூரி வாசலில் பஞ்சர் கடை. இரண்டுக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம். ஃபீஸ் மட்டும் அவனுக்குப் பத்து மடங்கு. அங்கே லேத் மெஷினுக்கே ஏசி போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு, பெரியப்பா எங்கள் வீட்டு மின்விசிறியை ஒரு பார்வை பார்ப்பார்.

இரும்பு கடைய எங்களிடம் இருந்தது ஒரே ஒரு லேத். அப்பாவைவிட மூத்தது. அதை நிறுத்த ஒரு சிவப்புக் குமிழ். அமுக்கினால் நிற்கும், திருகி விட்டால்தான் மறுபடி ஓடும். நாற்பது பேர் தினமும் கடைந்து கடைந்து, கடைசி வருடச் செய்முறைத் தேர்வுக்கு நாலு நாள் முன்பு மோட்டார் புகைந்துபோனது. எங்கள் தேர்வை நீரூற்றுக் கல்லூரிக்கு மாற்றினார்கள். ஒரு பம்ப் தொழிற்சாலை எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, அந்த மாதமே பாஸாகி வந்தால்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் லேபுக்குள் போகவேண்டும். மெஷின்மேல் பிளாஸ்டிக் உறை. உறையை எடுத்தால் திறப்பு விழா ரிப்பன் அப்படியே இருந்தது. கோட் போட்ட பேராசிரியர் பச்சை பட்டனை அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் மரியாதையாக அமுக்கினார். பல்கலைக்கழகம் அனுப்பிய தேர்வாளர் பெரியப்பா மகனைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்.

"நாங்க இத ஸ்லைடுலதான் சார் பாத்திருக்கோம்."

பத்து மணிக்குள் ஓடாவிட்டால் தேர்வு ரத்து, இனி ஆறு மாதம் கழித்துத்தான் என்றார் தேர்வாளர். என் கண் போன இடம் சுவரில் மாட்டியிருந்த விழாப் படம். கல்லூரிச் சேர்மன் வாயெல்லாம் பல்லாக மெஷினைத் தொடங்கி வைக்கிறார். பின்னால் பேராசிரியர்கள் கைதட்டுகிறார்கள். சேர்மனின் கட்டைவிரல் சிவப்புக் குமிழின்மேல் இருந்தது. இருப்பதில் பெரியதாகப் பார்த்து அமுக்கியிருக்கிறார். மூன்று வருடமாக அது அமுங்கியே கிடக்கிறது.

நான் கையை நீட்டினேன். பேராசிரியர் குறுக்கே வந்தார்.

"அதத் தொடாதம்மா. சேர்மன் கைப்பட அமுக்கினது."

"திருகும்மா," என்றார் தேர்வாளர்.

திருகினேன். பச்சையை அமுக்கியதும் மெஷின் கிர்ரென்று கிளம்ப, ரிப்பன் பறந்துபோய் பேராசிரியர் கோட்டில் ஒட்டிக்கொண்டது. மதியத்துக்குள் என் வேலையைக் கடைந்து முடித்தேன். அடுத்து பெரியப்பா மகன். பல்லைக் கடித்துக்கொண்டு, எந்தக் கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்றுவது என்று என்னைக் கேட்டுக் கேட்டு அவனும் ஒப்பேற்றினான். நாங்கள் வெளியே வரும்போது பேராசிரியர் குமிழைப் பழையபடி அமுக்கிவிட்டு உறையை மாட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் பாஸ். பெரியப்பா இனிப்போடு வந்தார்.

"பாத்தியா தம்பி, எங்க காலேஜ் மெஷினோட ராசிய? ஒரு நாள் கை வச்சதுக்கே உன் பொண்ணு பாஸாயிட்டா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பெரியப்பா மகனைப் பார்த்தேன். அவன் எழுந்துபோய் எங்கள் மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தான்.