ஒச்சப்பனின் மாத்திரைப் பந்தி

எமர்ஜென்சி முடிந்த மறு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் ஒச்சப்பனுக்கு இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை வந்தது. மட்டாஞ்சேரிச் சுக்குக் கிடங்கில் நாள் முழுக்க மூட்டை சுமக்கிற மனுசன். வீட்டுக்கு வந்தால் ஈர வேட்டியை அவிழ்க்கச் சோம்பல். அது படராமல் என்ன செய்யும்? திருவிழாவில் தவில் அடிக்கிறவர் மாதிரி இரண்டு கையாலும் சொறிவார். பார்க்கச் சகிக்காமல் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு மலையாளத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், அதுவும் தேங்காயும் எண்ணெயும் சேர்ந்த சாப்பாடாக இருந்தால் நல்லது. அரிப்பு நின்றாலும் அவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. “கள்ளு ஒட்டும் வேண்டா”, ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார். அந்த வார்த்தையோடு என் வீட்டுக்காரருக்குக் காது அடைத்துவிட்டது. வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, பிள்ளைத்தாய்ச்சி வாயில் படவே கூடாது என்று டாக்டர் சொன்னதெல்லாம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

கள்ளை விட்டார். அதையாவது தாங்கலாம், விட்ட பெருமையைத்தான் தாங்க முடியவில்லை. பள்ளுருத்தி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடமெல்லாம் சொன்னார். அரிப்பு அடங்கியதும் தர்மப்பிரபு ஆகிவிட்டார். எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும் ஒரே துணிக்கொடி, கைக்கு அகப்பட்ட துண்டு. சொறியாத ஆள் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் உட்கார்ந்து, பந்தியில் அப்பளம் போடுவது மாதிரி மாத்திரை அட்டையை ஆளுக்குக் கொஞ்சமாகக் கிழித்துக் கொடுத்தார். நான் கத்தியதை யார் மதித்தார்கள்?

கடைசியாக, அதே லைனில் குடியிருந்த தன் தங்கை பேச்சியைக் கூப்பிட்டார். அவள் முழங்கையில் ஒரு வட்டம் இருந்தது. வயிற்றில் என்ன இருந்தது என்பது அவளுக்கும் அவள் புருசனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முன்பு இரண்டு தடவை அவள் உண்டானபோது அண்ணன்காரர் கள்ளு வாங்கி ஊற்றி, தெரு முழுக்கத் தண்டோரா போட்டார். இரண்டும் தங்கவில்லை. அதைவிட, ஊரே வந்து துக்கம் விசாரித்ததுதான் அவளைக் கொன்றது. “மூணு மாசம் தாண்டுற வரைக்கும் அண்ணனுக்குத் தெரியக் கூடாது மதினி” என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“இந்தா தாயி, அண்ணன் கண்ணு முன்னால முழுங்கு” என்று தண்ணீர்ச் செம்பையும் நீட்டினார்.

பேச்சிக்கு டாக்டர் சொன்னது தெரியாது. அண்ணன் ஆசையாகக் கொடுத்தது என்று வாய்க்குக் கொண்டு போனாள். அவள் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். மாத்திரை சாக்கடையில் விழுந்தது.

“ஊருக்கே குடுத்தப்ப வாய்தான் பேசுச்சு. என் தங்கச்சின்னதும் கை நீளுதோ?” என்று அவர் குதித்தார்.

“நாத்தனான்னா அப்படித்தான் சேட்டா” என்று பக்கத்து வீட்டு சங்கிலிப்பாண்டி எடுத்துக் கொடுத்தான். எங்கள் வீட்டு மாத்திரை அவன் தொண்டையைத் தாண்டியிருக்காது, அதற்குள் நியாயம் பேச வந்துவிட்டான்.

நான் என்ன சொல்வது? வாயைத் திறந்தால் சத்தியம் போகும். பேச்சி மட்டும் புரிந்துகொண்டு, வெளிறிப் போய் வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். கல்நெஞ்சுக்காரி, பிசினாறி என்று எல்லாப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு உள்ளே போய் அழுதேன்.

ஒச்சப்பன் கோபத்தோடு நேராகக் கள்ளுக்கடைக்குப் போனார். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். முகம் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி சிவந்து, நெஞ்சு படபடவென்று அடிக்க, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. பேய் அடித்துவிட்டது என்றான் சங்கிலிப்பாண்டி. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அந்த மாத்திரையும் கள்ளும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, படுக்க வைத்தார்.

“சீனி, நான் செத்துருவேனா?” என்று என் கையைப் பிடித்தார்.

“சாக மாட்டீக. அன்னைக்கு டாக்டர் சொன்னதுல பாதியத்தான் கேட்டீக.”

“மீதி என்ன?”

“வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. புள்ளத்தாச்சிக்குக் குடுக்கவே கூடாது.”

டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். சத்தியத்தை நான் மீறவில்லை. அவர் என்னையே பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார். அத்தனை பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதது.

மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய் மிச்ச மாத்திரைகளைத் திருப்பிக் கேட்டார். நான் குழாயடியில் குடத்தோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்த வாயை நம்ப முடியுமா?

“குடுத்ததத் திருப்பிக் கேக்குறது நல்லாவா இருக்கு?” என்றான் சங்கிலிப்பாண்டி.

“டாக்டர்ட்டப் போயி உனக்குன்னு எழுதி வாங்கிக்கடா.”

“நேத்து இல்லாத ஞாயம் இன்னைக்கு எங்கருந்து வந்துச்சு? என்னமோ விசயம் இருக்கு.”

ஒச்சப்பன் வாயைத் திறந்தார். பேச்சியின் வாசலைப் பார்த்தார். மூடினார். பிறகு லைனுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

“என்ன பெரிய விசயம்? என் பொண்டாட்டி ஒரு கஞ்சப்பிசினாறி! மாத்திரை வராம சோறு போட மாட்டேங்குறா. குடுத்துத் தொலைங்கப்பா!”

என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் என்னைப் பற்றிச் சொன்னதில் அதுதான் நல்ல வார்த்தை. அன்று மீன் குழம்புக்குத் தேங்காயைத் தாராளமாகவே அரைத்தேன்.